‘ஆபரேஷனல்’ என்றால் ஓடுதா, ஓடலையா? - வாரம் ஒரு வார்த்தை

‘ஆபரேஷனல் காரணங்களால் உங்கள் விமானம் ரத்து செய்யப்படுகிறது. சிரமத்துக்கு வருந்துகிறோம்.’

பெட்டி, படுக்கையோடு கிளம்பி வாசலில் நிற்கும் குடும்பத்துக்கு இப்படி ஒரு எஸ்எம்எஸ் வந்தால் எப்படி இருக்கும்? முதலில் கோபம் வரும். அடுத்து, ‘டிக்கெட் பணம் என்ன ஆகும்?’ என்ற கவலை வரும். அந்தப் பதற்றத்தில் ‘ஆபரேஷனல்’ என்ற வார்த்தையை யாரும் நின்று படிப்பதில்லை. ஏதோ காரணம் சொல்லிவிட்டார்கள் என்று கடந்துவிடுவோம்.

திரும்ப ஒரு முறை படித்துப் பாருங்கள். உண்மையில் அதில் காரணம் எதுவும் இல்லை!

விமானம், ரயில், வங்கி, ஆஸ்பத்திரி, ஆபீஸ் மெயில் என்று தினமும் நம் கண்ணில் படும் வார்த்தை இது. ‘ஆபரேஷன்’ என்றதும் நமக்குக் கத்தியும் தையலும்தான் ஞாபகம் வரும் என்பதால், அதன் தம்பியான ‘ஆபரேஷனல்’ கொஞ்சம் குழப்பிவிடும். இந்த வாரம் அதைத்தான் பிரித்துப் பார்க்கப்போகிறோம்.

வேலையிலிருந்து வந்த வார்த்தை

லத்தீன் மொழியில் ‘ஓபஸ்’ என்றால் வேலை. அதிலிருந்து ‘வேலை செய்தல்’ என்ற பொருளில் வந்ததுதான் ‘ஆபரேஷன்’. மேடையில் பாடி நடிக்கும் ‘ஆப்பரா’வும் இதே குடும்பம்தான். ஆக, ஆஸ்பத்திரியில் நடப்பது ஆபரேஷனின் ஒரு வகை மட்டுமே. மெஷினை ஓட்டுவதும் ஆபரேஷன். கம்பெனியை நடத்துவதும் ஆபரேஷன். ராணுவம் ஒரு நடவடிக்கையில் இறங்குவதும் ஆபரேஷன்.

‘ஆபரேஷனல்’ என்ற பெயரடை இந்தக் குடும்பத்தில் கடைக்குட்டி. 20-ஆம் நூற்றாண்டில்தான் பரவலாகப் புழக்கத்துக்கு வந்தது. அதற்கு முக்கியமாக இரண்டு அர்த்தங்கள்.

முதல் அர்த்தம்: இயங்கும் நிலையில் இருக்கிறது, பயன்பாட்டில் இருக்கிறது. ‘த லிஃப்ட் இஸ் ஆபரேஷனல்’ என்றால் லிஃப்ட் ஓடுகிறது.

இரண்டாவது அர்த்தம்: இயக்குவது, நடத்துவது தொடர்பான. ‘ஆபரேஷனல் காஸ்ட்’ என்றால் ஒரு கடையையோ, தொழிற்சாலையையோ தினசரி நடத்துவதற்கு ஆகும் செலவு. கரன்ட் பில், வாடகை, சம்பளம் எல்லாம் இதில் வரும்.

இரண்டையும் பிரித்துப் பார்க்க ஓர் எளிய சோதனை இருக்கிறது. ‘ஆபரேஷனல்’ இருக்கும் இடத்தில் ‘இயங்குகிற’ என்ற தமிழ் வார்த்தையைப் போட்டுப் பாருங்கள். ‘இயங்குகிற விமான நிலையம்’ பொருந்துகிறதா? அப்படியென்றால் முதல் அர்த்தம். ‘இயங்குகிற செலவு’ ஒட்டவில்லையா? அப்படியென்றால் இரண்டாவது அர்த்தம். ‘இஸ்’, ‘ஆர்’, ‘பிகேம்’ ஆகியவற்றுக்குப் பின்னால் தனியாக வந்து நின்றால், பெரும்பாலும் முதல் அர்த்தம்தான்.

தமிழில் இரண்டுக்குமே ‘செயல்பாடு’ என்ற ஒரே சொல்லைப் போட்டுவிடுகிறோம். ‘செயல்பாட்டில் உள்ளது’, ‘செயல்பாட்டுக் காரணங்கள்’... கேட்க ஒரே மாதிரி இருப்பதால் இரண்டும் ஒன்று என்று நினைத்துவிடுகிறோம். அங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

திறந்தாச்சு... ஓடுதா?

முதல் அர்த்தத்தை எடுத்துக்கொள்வோம். செய்திகளில் ‘அடிக்கல் நாட்டப்பட்டது’, ‘திறக்கப்பட்டது’, ‘பயன்பாட்டுக்கு வந்தது’ என்று மூன்று விதமாகப் படிப்போம். மூன்றுமே வேறு வேறு. ஆங்கிலத்தில் ‘ஆபரேஷனல்’ என்ற வார்த்தைக்கு மூன்றாவதுதான் பொருந்தும்.

சேலம் விமான நிலையம் இதற்கு நல்ல உதாரணம். 1993-லேயே திறக்கப்பட்ட இடம் அது. ஆனால், நீண்ட காலம் பயணிகள் விமானம் இல்லாமல் கிடந்தது. உதான் திட்டத்தின்கீழ் 2018 மார்ச்சில் சென்னைக்கு மறுபடி சேவை ஆரம்பித்தது. 2021-ல் அதுவும் நின்றது. 2023 அக்டோபரில் மீண்டும் தொடங்கியது. ஓடுபாதை, கட்டடம், பெயர்ப்பலகை எல்லாம் அதே இடத்தில்தான் இருந்தன. ‘சேலத்தில் ஏர்போர்ட் இருக்கிறதா?’ என்று கேட்டால் எல்லா வருடமும் ‘இருக்கிறது’ என்பதுதான் பதில். ‘ஆபரேஷனலா?’ என்று கேட்டால்தான் பதில் வருடத்துக்கு வருடம் மாறும்.

மதுரை எய்ம்ஸ் இன்னும் சுவாரஸ்யம். 2019 ஜனவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. 2022-ல் எம்பிபிஎஸ் வகுப்புகள் ஆரம்பித்தன. ஆனால் மதுரையில் அல்ல. ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி வளாகத்தில், தற்காலிகமாக. அந்த 2022-ல், ‘மதுரை எய்ம்ஸ் ஆபரேஷனல்’ என்று ஒருவர் சொல்லியிருந்தால் அது உண்மையா, பொய்யா? படிக்கப்போன மாணவருக்கு உண்மை. சிகிச்சைக்காக மதுரையில் தேடிய நோயாளிக்குப் பொய்.

அதனால்தான் விவரமாக எழுதுகிறவர்கள் இந்த வார்த்தையைத் தனியாக விடுவதில்லை. ‘ஃபுல்லி ஆபரேஷனல்’ என்றால் முழுமையாக இயங்குகிறது. ‘பார்ஷியலி ஆபரேஷனல்’ என்றால் ஒரு பகுதி மட்டும். வெறும் ‘ஆபரேஷனல்’ என்று மட்டும் பார்த்தால், ‘எந்தப் பகுதி? யாருக்கு? எப்போதிலிருந்து?’ என்ற மூன்று கேள்விகளையும் நாம்தான் கேட்க வேண்டும்.

‘ஆபரேஷனல் காரணம்’ என்பது காரணமா?

இப்போது அந்த எஸ்எம்எஸ்ஸுக்கு வருவோம். அதில் இருப்பது இரண்டாவது அர்த்தம். ‘விமானத்தை இயக்குவது தொடர்பான காரணங்களால் விமானத்தை இயக்கவில்லை.’ அவ்வளவுதான் அது சொல்கிறது! பைலட் இல்லையா, இன்ஜினில் கோளாறா, பயணிகள் குறைவா, பனிமூட்டமா, விமான நிலையத்தில் பிரச்னையா... எதுவாகவும் இருக்கலாம். ‘ஏம்பா லேட்டு?’ என்று கேட்டால் ‘வர்றதுல கொஞ்சம் பிரச்னை’ என்று சொல்வது மாதிரி.

இந்த வித்தியாசத்தில்தான் பணம் இருக்கிறது. இந்தியாவில் விமானப் பயணிகளுக்கான விதிகளை டிஜிசிஏ வகுத்திருக்கிறது. அதன்படி, விமானத்தை ரத்து செய்தால் நிறுவனம் மாற்று விமானம் தர வேண்டும். அல்லது டிக்கெட் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். ரத்து பற்றி உரிய அவகாசத்தில் முன்கூட்டியே தகவல் சொல்லாவிட்டால், அதற்கு மேல் இழப்பீடும் உண்டு. பறக்கும் நேரம் 1 மணி நேரம் வரை என்றால் 5,000 ரூபாய், 2 மணி நேரம் வரை என்றால் 7,500 ரூபாய், அதற்கு மேல் என்றால் 10,000 ரூபாய். அல்லது ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை. இரண்டில் எது குறைவோ அது கிடைக்கும்.

ஆனால் விதிவிலக்கு இருக்கிறது. இயற்கைப் பேரிடர், அரசியல் கலவரம், மோசமான வானிலை, பாதுகாப்பு ஆபத்து போன்று நிறுவனத்தின் கையை மீறிய அசாதாரணச் சூழல் என்றால் இழப்பீடு கிடையாது. அப்படியென்றால் ‘ஆபரேஷனல்’ எந்தப் பக்கம்? பனிமூட்டமும் அதற்குள் அடங்கும்; பைலட் பற்றாக்குறையும் அதற்குள் அடங்கும். முன்னது விதிவிலக்கில் வரும். பின்னது நிறுவனம் நிர்வகிக்க வேண்டிய விஷயம். ஒரே வார்த்தைக்குள் இரண்டையும் போட்டு மூடிவிட்டால், பயணிக்குத் தன் உரிமை எது என்றே தெரியாது.

ஐரோப்பாவில் இந்தக் கேள்வி நீதிமன்றம் வரைக்கும் போனது. விமானம் ரத்தானால் தூரத்தைப் பொறுத்து 250 முதல் 600 யூரோ வரை இழப்பீடு என்பது அங்குள்ள விதி. அங்கேயும் ‘அசாதாரணச் சூழல்’ என்றால் விலக்கு உண்டு. இன்ஜின் கோளாறு அசாதாரணமா? ‘விமான நிறுவனம் நடத்தினால் மெஷின் கோளாறு வருவது சகஜம். அதை அசாதாரணம் என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது’ என்ற பொருளில் ஐரோப்பிய நீதிமன்றம் 2008 டிசம்பரில் தீர்ப்பு சொன்னது. ஐரோப்பாவிலிருந்து ஊருக்குக் கிளம்பும் நம்மவர்களுக்கும் இந்த விதி பொருந்தும்.

அதனால், இப்படி எஸ்எம்எஸ் வந்தால் செய்ய வேண்டியவை இவை.

* மெசேஜை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். எத்தனை மணிக்கு வந்தது என்பது முக்கியம்.
* ‘ஆபரேஷனல் காரணம் என்றால் குறிப்பாக என்ன?’ என்று மெயிலில் கேளுங்கள். போனில் கேட்டால் பதிவு இருக்காது.
* திருப்தியான பதில் வராவிட்டால், விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் ‘ஏர்சேவா’ தளத்தில் புகார் செய்யலாம்.
* டிக்கெட் போடும்போது உங்கள் சொந்த நம்பரையே கொடுங்கள். தொடர்பு விவரம் சரியாகத் தராத பயணிக்கு இழப்பீடு இல்லை என்றும் விதியில் இருக்கிறது.

ரயிலிலும் இதே வார்த்தை ‘இயக்கக் காரணங்களால்’ என்று தமிழில் வரும். அங்கே காரணம் எதுவானாலும், ரயில் ரத்தானால் முழுப் பணமும் உண்டு. இ-டிக்கெட் என்றால் தானாகவே கணக்குக்கு வந்துவிடும். ரயில் 3 மணி நேரத்துக்கு மேல் தாமதம், நீங்கள் பயணிக்கவில்லை என்றால் அதற்கும் முழுப் பணம் கேட்கலாம். ஆனால், ரயில் கிளம்பும் முன்பே டிடிஆர் பதிவு செய்திருக்க வேண்டும்.

கடன் வாங்கியவர் கையை விரித்தால்...

இரண்டாவது அர்த்தம் இன்னொரு இடத்திலும் பலரைப் பாதிக்கிறது. 2016-ல் வந்த திவால் சட்டம், ஒரு கம்பெனிக்குப் பணம் பாக்கி இருப்பவர்களை இரண்டாகப் பிரிக்கிறது. கடன் கொடுத்த வங்கி போன்றவர்கள் ‘ஃபைனான்ஷியல் கிரெடிட்டர்’. சரக்கு சப்ளை செய்தவர், சேவை செய்தவர், சம்பளம் வரவேண்டிய ஊழியர் ஆகியோர் ‘ஆபரேஷனல் கிரெடிட்டர்’. கம்பெனியை நடத்தும் வேலையில் உண்டான பாக்கி என்பதால் இந்தப் பெயர்.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். ஓட்டு இருக்கிறது! திவாலான கம்பெனியை என்ன செய்வது என்று முடிவெடுக்கும் குழுவில், பொதுவாக ஃபைனான்ஷியல் கிரெடிட்டருக்குத்தான் ஓட்டு. நூலோ, அட்டைப்பெட்டியோ சப்ளை செய்துவிட்டுப் பணத்துக்குக் காத்திருக்கும் சிறு வியாபாரிக்கு அந்த ஓட்டு இல்லை. ஃபிளாட் வாங்கப் பணம் கட்டி ஏமாந்தவர்கள் எந்தப் பக்கம் என்று பெரிய குழப்பமே இருந்தது. 2018-ல் சட்டத்தைத் திருத்தி, அவர்களை ஃபைனான்ஷியல் கிரெடிட்டர் பக்கம் சேர்த்த பிறகுதான் அவர்களுக்கும் அந்தக் குழுவில் குரல் கிடைத்தது. ஒரு பெயரடை மாறியதால் ஒரு குடும்பத்தின் சேமிப்புக்கு ஓட்டு வந்திருக்கிறது.

உடன்பிறப்புகள் ஜாக்கிரதை

ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்பதால் முகஜாடை ஒன்றாக இருக்கும். குணம் வேறு.

*ஆபரேட்டிங்:* ‘ஆபரேஷனல் தியேட்டர்’ என்று சிலர் எழுதுகிறார்கள். தவறு. ‘ஆபரேட்டிங் தியேட்டர்’ அல்லது நாம் வழக்கமாகச் சொல்லும் ‘ஆபரேஷன் தியேட்டர்’தான் சரி. ‘த தியேட்டர் இஸ் ஆபரேஷனல்’ என்றால், தியேட்டர் இயங்கும் நிலையில் இருக்கிறது என்று அர்த்தம். அது சினிமா தியேட்டராகக்கூட இருக்கலாம்!

*ஆபரேட்டிவ்:* மருத்துவத்தில் ஆபரேஷன் தொடர்பானது என்றால் இதுதான் வரும். ‘போஸ்ட்-ஆபரேட்டிவ் கேர்’ என்றால் ஆபரேஷனுக்குப் பிந்தைய கவனிப்பு. சட்டம், விதி போன்றவை அமலில் இருப்பதையும் ‘ஆபரேட்டிவ்’ என்பார்கள்.

*இன்ஆபரேட்டிவ்:* அமலில் இல்லாத, முடங்கிய. இதை வங்கியில் பார்க்கலாம். சேமிப்புக் கணக்கில் 2 வருடங்களுக்கு மேல் நீங்களாக எந்தப் பரிவர்த்தனையும் செய்யாவிட்டால் அது ‘இன்ஆபரேட்டிவ்’. பயப்பட வேண்டாம், பணம் போய்விடவில்லை. வட்டி சேர்ந்துகொண்டே இருக்கும். இப்படிப்பட்ட கணக்கில் மினிமம் பேலன்ஸ் இல்லை என்று அபராதம் போடக் கூடாது, மறுபடி இயக்கக் கட்டணம் வாங்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. கேஒய்சி ஆவணங்களைக் கொடுத்து உயிர்ப்பித்துக்கொள்ளலாம். 10 வருடங்கள் யாரும் தொடவில்லை என்றால் பணம் ரிசர்வ் வங்கியின் தனி நிதிக்குப் போய்விடும். அப்போதும் வங்கி மூலம் கேட்டு வாங்கலாம். தாத்தா, பாட்டி பெயரில் எங்காவது பணம் கிடக்கிறதா என்று தேட, 2023-ல் தொடங்கிய ‘உத்கம்’ என்ற ரிசர்வ் வங்கித் தளம் இருக்கிறது. வீட்டில் பழைய பாஸ்புக் இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு முறை தேடிப்பாருங்களேன்!

*இன்ஆபரபிள்:* நிறைய பேரைக் கலங்கவைக்கும் வார்த்தை இது. கேன்சர் கட்டி ‘இன்ஆபரபிள்’ என்று ரிப்போர்ட்டில் இருந்தால், ‘இனி ஒன்றும் செய்ய முடியாது’ என்று குடும்பமே உடைந்துபோகும். ஆனால் அந்த வார்த்தை சொல்வது இவ்வளவுதான்: இப்போதைய நிலையில் ஆபரேஷன் செய்து எடுக்க முடியாது. கட்டி இருக்கும் இடமோ, பரவியிருக்கும் அளவோ, நோயாளியின் உடல்நிலையோ காரணமாக இருக்கலாம். கதிர்வீச்சு, கீமோதெரபி போன்ற சிகிச்சைகள் இருக்கின்றன. சில நோயாளிகளுக்கு அவற்றால் கட்டி சுருங்கிய பிறகு ஆபரேஷன் சாத்தியமாவதும் உண்டு. ‘குணப்படுத்த முடியாதது’ என்பதற்கு ஆங்கிலத்தில் ‘இன்க்யூரபிள்’ என்று தனி வார்த்தை இருக்கிறது. அதனால் ரிப்போர்ட்டைப் பார்த்து நாமாக முடிவு கட்டாமல், ‘ஆபரேஷன் முடியாது என்றால், வேறு என்ன முடியும்?’ என்று டாக்டரிடம் கேளுங்கள்.

நாம் எழுதும்போது...

கடைசியாக, மெயிலிலும் ரெஸ்யூமேயிலும் இதை எப்படிப் பயன்படுத்துவது?

* ‘ஐ ஹேவ் ஃபைவ் இயர்ஸ் ஆஃப் ஆபரேஷனல் எக்ஸ்பீரியன்ஸ்’ என்று மட்டும் எழுதினால் எதுவும் புரியாது. என்ன நடத்தினீர்கள்? குடோனா, கால் சென்டரா, டெலிவரி வேனா? அதைச் சேர்த்து எழுதுங்கள்.
* அப்பார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் ‘லிஃப்ட் நாட் ஆபரேஷனல்’ என்பதைவிட ‘நாட் வொர்க்கிங்’ எளிது. ‘மோட்டார் ரிப்பேர், நாளை மாலை சரியாகும்’ என்று சேர்த்தால், மூன்றாவது மாடிப் பாட்டி உங்களை வாழ்த்துவார்.
* ‘த நியூ பிராஞ்ச் வில் பிகம் ஆபரேஷனல் ஃப்ரம் மண்டே’ என்பது சரியான, அழகான வாக்கியம். தேதி இருக்கிறது, குழப்பம் இல்லை.
* வாடிக்கையாளருக்கு ‘டியூ டு ஆபரேஷனல் ரீசன்ஸ்’ என்று எழுதக் கை போனால், ஒரு நொடி நிறுத்துங்கள். உண்மையான காரணத்தை ஒரே வரியில் சொல்ல முடியுமா என்று பாருங்கள். ‘ஸ்டாஃப் லீவு’, ‘சரக்கு வரவில்லை’ என்று சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். மூடி மறைத்தால்தான் எரிச்சல் வரும்.

‘ஆபரேஷனல்’ ஒன்றும் கெட்ட வார்த்தை இல்லை. ஓடுகிறதா, இல்லையா என்று சொல்ல அருமையான வார்த்தை. ஏன் ஓடவில்லை என்று சொல்லத்தான் அதற்குத் தெரியாது. அந்த இடத்தில் யாராவது அதை உங்களிடம் நீட்டினால், வாங்கிக்கொண்டு நகர்ந்துவிடாதீர்கள். ‘அப்படின்னா என்னங்க?’ என்று ஒரு கேள்வி கேளுங்கள். கேட்பதற்குக் காசு இல்லை. கேட்காமல் விட்டால்தான் சில நேரம் 10,000 ரூபாய் வரைக்கும் போகும்!

அடுத்த வாரம் வேறொரு வார்த்தையோடு சந்திப்போம்.